உருகினது மறுபடி உறையக் கூடாது

இரண்டும் போய்விட்டது என்று மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது பனியக்கா கிடங்கு வாசலில் நின்று மீன் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். "சரிம்மா, நாளைக்குக் காலைல வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். நூற்றுப் பதினேழாவது பெட்டியில் விட்ட எண்ணிக்கையை நூற்றுப் பதினெட்டில் தொடர்ந்தாள். இருநூற்று நாற்பது வரை எண்ணி, கையெழுத்துப் போட்டு, வண்டியை அனுப்பிய பிறகுதான் கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள்.

"அக்கா, கண்ணு கலங்கியிருக்கே?" என்றார் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். ஐம்பது வயசு ஆள். நடக்க வேண்டிய நாலடி தூரத்துக்கும் வண்டியிலேயே போவதால் எல்லோருக்கும் அவர் சக்கரம்.

"குளிரு."

"பதினெட்டு வருஷமா வராத குளிரு இன்னைக்கு வந்துருச்சாக்கும்?"

"பாத்து ஓட்டுங்க. போன வாரம் தூணை இடிச்ச ஆளு நீங்க. தூணுக்கு முதல்ல பதில் சொல்லுங்க."

சக்கரம் வண்டியைத் திருப்பினார்.

பனியக்கா அந்தக் குளிர்கிடங்கின் மேற்பார்வையாளர். மைனஸ் இருபத்தைந்து டிகிரி அறைக்குள் மற்றவர்கள் இருபது நிமிஷத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். அவளோ பட்டாணி மூட்டைக்கும் ஐஸ்கிரீம் பெட்டிக்கும் நடுவில், மார்க்கெட்டில் காய் பார்க்கிறவள் மாதிரி ஆற அமர நடப்பாள். அறை வாசலில் அவளே சிவப்புப் பெயின்டில் எழுதி மாட்டிய பலகை ஒன்று உண்டு. 'உருகினது மறுபடி உறையக் கூடாது.' உருகின மீனை மறுபடி உறைய வைத்தால் கெட்டுப்போகும், தின்றவன் ஆஸ்பத்திரிக்குப் போவான். அதனால் அங்கே எதுவும் தேவைக்கு மேல் வெளியே வராது. பத்துப் பெட்டிக்கு ஆர்டர் வந்தால் பத்துதான், பதினொன்றாவது பெட்டியைத் தொட்டவன் கையை உடைத்துவிடுவாள்.

அவளுக்கு முப்பத்துநாலு வயசில் மாப்பிள்ளை எதுவும் அமையவில்லை. அமையாததில் அவளுக்குப் பெரிய வருத்தமும் இல்லை. தொலைவில் இருந்த அம்மாதான் வாராவாரம் போனில் அழுதாள். அந்தச் சமயத்தில்தான், கல்யாணம் தள்ளிப் போகிறவர்கள் கருமுட்டையை எடுத்து உறைய வைக்கலாம் என்று ஒரு மருத்துவமனையின் விளம்பரத்தைப் பார்த்தாள். வேறொருத்திக்கு அதைப் படித்தால் பயம் வந்திருக்கும். அவளுக்குத் தன் வேலையைப் பற்றிப் படித்த மாதிரி இருந்தது. மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் மரியாதையே வந்துவிட்டது. எட்டு முட்டைகள் கிடைத்தன. மெல்லிய பிளாஸ்டிக் குச்சி ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாக நாலு குச்சி.

"முட்டையை ஃப்ரிட்ஜ்ல வெச்சியா?" என்று அம்மா போனில் அலறினாள். "கல்யாணத்தைப் பண்ணுடின்னா, கடைக்குப் போன மாதிரி முட்டையைப் பத்திப் பேசுற!"

"ஃப்ரிட்ஜ் இல்லம்மா. அதைவிட இருநூறு டிகிரி கம்மி."

"அதுக்கு அப்பறம் அது விளங்குமா?"

"நான் வெச்ச சரக்கு எதும்மா விளங்காம போயிருக்கு?"

அதன்பிறகு எட்டு வருஷம் அவள் நிம்மதியாக இருந்தாள். உள்ளே வைத்த சரக்குக்கு வயசாகாது. அவசரம் என்ன?

கணவர் வந்து சேர்ந்ததும் கிடங்கு வாசலுக்குத்தான். ஃப்ரீசர் லாரி ஓட்டுகிறவர். முதல் தடவை அவர் கொண்டுவந்த லோடில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தாள், மைனஸ் பதினாலு காட்டியது. மைனஸ் பதினெட்டுக்கு மேலே போனால் அவள் எதையும் இறக்க மாட்டாள்.

"மேடம், ரோட்ல நாலு மணி நேரம் ஜாம். வண்டியைத் தலைல தூக்கிட்டா வர முடியும்?"

"தூக்கிட்டு வந்தாலும் சரி, இழுத்துட்டு வந்தாலும் சரி. பதினெட்டு இருக்கணும். திருப்புங்க."

அடுத்த வாரம் மைனஸ் இருபத்திரண்டோடு வந்து, தானே தெர்மாமீட்டரை நீட்டினார். அடுத்த வருஷம் கல்யாணம். அவளுக்கு நாற்பத்திரண்டு, அவருக்கு நாற்பத்தைந்து. இப்போதும் வீட்டில் அவர் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவார். கேட்கிறவர்களிடம், "என் லோடைத் திருப்பி அனுப்பினவங்களையே கட்டிக்கிட்டேன். இனிமே திருப்பி அனுப்ப முடியாதுல்ல" என்பார்.

நாற்பத்துமூன்று முடிகிற வேளையில் இருவரும் அந்த மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டரம்மா எட்டையும் ஒரே தடவையில் எடுத்துவிடலாம் என்றார். உருக்கும்போது ஒன்றிரண்டு தாங்காமல் போகும், கரு ஆகும்போது சிலது நின்றுவிடும், கடைசியில் நல்லதாக ஒன்றோ இரண்டோ மிஞ்சினால் பெரிய விஷயம் என்று பொறுமையாகச் சொன்னார். பனியக்கா கேட்கவில்லை.

"எனக்கு ஒரு பிள்ளை போதும் டாக்டர். ஒண்ணு, கைக்கு உதவியா இன்னொண்ணு. ஒரு குச்சியை மட்டும் எடுங்க."

"இது பெட்டிக் கணக்கு இல்லம்மா."

"எல்லாமே பெட்டிக் கணக்குதான் டாக்டர்."

ஒரு குச்சியை எடுத்தார்கள். ஒரு முட்டை உருக்கும்போதே போனது. இன்னொன்று கரு ஆகி, மூன்றாம் நாள் வளராமல் நின்றது. அந்தப் போன்தான் மீன் பெட்டிகளுக்கு நடுவே வந்தது. இருப்பு இனி ஆறு. நாற்பத்தைந்து வயசுக்கு மேல் அங்கே கரு வைக்க மாட்டார்கள். மிச்சமிருந்தது ஒரு வருஷம் சொச்சம்.

இரவெல்லாம் ஒரே யோசனைதான். சரக்கு கெட்டால் முதலில் எதைப் பார்ப்பாள்? கிடங்கைப் பார்ப்பாள். காலையில் கிளம்பும்போது முடிவு செய்துவிட்டாள், அவர்கள் கிடங்கைப் பார்க்காமல் வரக் கூடாது.

மருத்துவமனையின் காத்திருக்கும் அறை முன்பு போல இல்லை. முப்பத்துநாலு வயசில் அவள் முதல்முதலாக வந்தபோது அங்கே இருந்தவர்கள் எல்லாம் இருபத்தைந்து, இருபத்தெட்டு. வரவேற்பில் இருந்த பெண் அவளைப் பார்த்து, "நீங்க யார் கூட வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். இப்போது அறை நிறைய அவள் வயசுக்காரிகள். ஒருத்தி மடிக்கணினியைத் தட்டிக்கொண்டே ஊசிக்குக் கை நீட்டினாள். இன்னொருத்தி படிக்கும் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே கைப்பையில் தேடிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகிறவர்களுக்காகக் காலை ஏழு மணிக்கே கதவைத் திறக்கிறார்கள். ஊசி போடும் அறைக்குப் பக்கத்தில் பிரஷர், சுகர், இருதயம் பார்க்க ஒரு தனி அறையே வந்துவிட்டது. முட்டைகளை உறைய வைக்கிற டேங்க் அந்த நாளில் ஒன்று இருந்த இடத்தில் இப்போது ஐந்து.

நர்ஸ் அவள் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள். நூற்று நாற்பதைத் தொட்டது.

"போன தடவை நூத்தி முப்பதுதானே இருந்துச்சு?" என்றாள் நர்ஸ்.

"போன தடவை எட்டு இருந்துச்சு. இப்ப ஆறுதான் இருக்கு. ஏறாம என்ன பண்ணும்?"

கருக்களைக் கவனிக்கும் லேப்காரி வந்தாள். முப்பது வயசுகூட ஆகாத பெண், காலில் ரப்பர் செருப்பு, தலையில் காகிதத் தொப்பி. வந்தவுடன் மன்னிப்புக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, நாங்க எல்லாம் சரியாத்தான்..."

"அழுது முடிச்சாச்சும்மா. டேங்க்கைக் காட்டு."

"என்னக்கா?"

"டேங்க். என் சரக்கு இருக்கிற டேங்க். நானும் குளிர்கிடங்குதான். பதினெட்டு வருஷம்."

லேப்காரி டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "உள்ள விட மாட்டாங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நில்லுங்க, நான் அளந்து காட்டறேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இடுப்புயர எவர்சில்வர் குடம் மாதிரி ஐந்து டேங்க்குகள். லேப்காரி முகத்துக்குக் கவசமும் கைக்குத் தடித்த உறையும் மாட்டிக்கொண்டு முதலாவதின் மூடியைத் தூக்கினாள். வெள்ளைப் புகை பொங்கி, விளிம்பில் வழிந்து, தரையில் படுத்தது. நீளமான ஓர் அளவுகோலை உள்ளே விட்டாள், கொஞ்ச நேரம் நிறுத்தினாள், எடுத்துக் காற்றில் ஆட்டினாள். உள்ளே இருந்த திரவ நைட்ரஜன் தொட்ட இடம் வரைக்கும் வெண்பனி பூத்துக் கோடு விழுந்தது. கோலைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினாள். அறுபத்துமூன்று சென்டிமீட்டர்.

"ஐம்பதுக்குக் கீழ போகக் கூடாது. ஐம்பத்தஞ்சு வந்தா அலாரம் அடிச்சு என் போன்ல கத்தும்."

"சரி. நோட்டைக் கொண்டா."

லேப்காரிக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. தினமும் டேங்க் அளவு எழுதுகிற நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

இந்த நோட்டுக்காகத்தான் பனியக்கா வந்ததே. பொய் நோட்டு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். முன்பு ஒருத்தன் நாற்பது நாளும் மைனஸ் இருபத்திரண்டு, மைனஸ் இருபத்திரண்டு என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதி வைத்திருந்தான். பக்கத்தைத் திருப்பிய நிமிஷமே அவனை வீட்டுக்கு அனுப்பினாள். குளிர் அப்படியே அசையாமல் நிற்காது. கதவு திறந்தால் ஏறும், மூடினால் இறங்கும், ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காது.

கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். அறுபத்தொன்று. அறுபது. அறுபது. ஐம்பத்தொன்பது. 'நிரப்பியது', எழுபது. அறுபத்தொன்பது. ஒரு நாள் நீலப் பேனா, ஒரு நாள் கறுப்பு, ஒரு நாள் பேனா மக்கர் பண்ணிக் கிறுக்கிப் பார்த்த கோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுத்து மட்டும் நடுங்கியிருந்தது, பக்கத்தில் 'காய்ச்சல், வந்து பார்த்தேன்' என்று குறிப்பு. இன்னொரு நாள் அறுபத்தாறை அடித்து அறுபத்தைந்து என்று திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து. தன் முட்டைகள் உள்ளே போன மாசம் வரை பழைய நோட்டுகளையும் வரவழைத்துப் பார்த்தாள். ஒன்பது வருஷம். கையெழுத்துகள் மாறின, ஆட்கள் மாறினார்கள், எண்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன.

நோட்டை மூடினாள். ஏதாவது ஒரு தப்பு அகப்படும் என்று வந்திருந்தாள். இப்படியொரு நோட்டு தன் கிடங்கில்கூட இல்லை. அப்படியென்றால் தப்பு எங்கே?

"நல்லா வெச்சிருக்கீங்க," என்றாள். அவள் வாயிலிருந்து அது அபூர்வமாக வருகிற வார்த்தை. "உங்க மேல தப்பில்ல. நான்தான் ஆர்டரைத் தப்பா குடுத்திருக்கேன்."

லேப்காரி நோட்டை வாங்கிக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணும்மா. ஆறையும் எடுத்து, நாலு நல்லா வந்துட்டா மிச்சத்தை என்ன பண்ணுவ? ஒண்ணைத்தானே எனக்கு வைப்ப?"

"மிச்சம் இருந்தா மறுபடி உறைய வெச்சிருவோம்க்கா."

"உருகினதையா?" பனியக்காவின் குரல் ஏறியது. காத்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உருகினது மறுபடி உறையக் கூடாது. நான் போர்டே எழுதி மாட்டியிருக்கேன்."

"அக்கா, உங்க கிடங்குல உறைஞ்ச மாவு வருமா? ரொட்டி சுடற மாவு?"

"வரும்."

"அதை எடுத்து உருக்கி ரொட்டி சுடறாங்க. அந்த ரொட்டியை உறைய வைக்க மாட்டீங்களா?"

"வைப்போம். அது ரொட்டி. வேற சரக்கு."

"இதுவும் வேற சரக்குதான். முட்டை ஒரே ஒரு செல். நிறைய தண்ணி, சட்டுனு உடையும். அஞ்சாம் நாள் கருல நூறு செல்லுக்கு மேல இருக்கும். ரெண்டு போனாலும் மிச்சம் நிக்கும். அது குளிரை நல்லாவே தாங்கும்."

பனியக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த முதல் டேங்க்கைப் பார்த்தாள். பிறகு, "இதை முதல்லயே ரொட்டின்னு சொல்லியிருந்தா எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கும்ல?" என்றாள்.

டாக்டரம்மா பிரஷர் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க முட்டைக்கு முப்பத்துநாலு வயசு. அதுல சந்தேகமே இல்ல. ஆனா சுமக்கப் போற உடம்பு டேங்க்ல இல்லையேம்மா, அதுக்கு நாப்பத்துநாலு ஆகப் போகுது. பிரஷருக்கு மாத்திரை தரேன். மூணு மாசத்துல வாங்க. அடுத்த வருஷம்னு மட்டும் சொல்லாதீங்க."

பனியக்கா மாத்திரைச் சீட்டை வாங்கி மடித்து வைத்தாள். உள்ளே இருந்த சரக்குக்கு வயசாகவில்லை என்று இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்தவள், வாங்கிக்கொள்ள வாசலில் நிற்கிறவளின் வயசை எண்ணவே இல்லை. உலகத்திலேயே குளிரை இந்த அளவுக்கு நம்புகிறவள்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும் என்று தோன்றியபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

கணவர் லாரியை மருத்துவமனைக்கு எதிரே நிறுத்தியிருந்தார். அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். அவர் எஞ்சினைக் கிளப்பாமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆறையும் எடுக்கச் சொல்லலாம்னு இருக்கேன்," என்றாள்.

"ஆறையுமா? மேடமா பேசறது?"

"மேடம்தான்."

அவர் ஸ்டியரிங்கைத் தடவினார். "ஆறும் போயிட்டா?"

"போனா ஒரு தடவை அழுவேன். ரெண்டு ரெண்டா போனா மூணு தடவை அழணும். அதுக்குள்ள நாப்பத்தஞ்சு வந்துரும்."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான். ஆனா நோட்டைப் பார்த்துட்டேன். நோட்டு சுத்தம்."

அவருக்கு எந்த நோட்டு என்று புரியவில்லை. ஆனால் அவள் ஒரு நோட்டைச் சுத்தம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது என்று தெரியும். வண்டியைக் கிளப்பினார்.

மூன்று மாசம் மாத்திரை சாப்பிட்டாள். மதியம் கிடங்கைச் சுற்றி நாலு சுற்று நடந்தாள், சக்கரம் பக்கத்திலேயே ஃபோர்க்லிஃப்டை ஊர விட்டபடி துணைக்கு வந்தார். பிரஷர் நூற்று இருபத்தெட்டுக்கு இறங்கியது.

முட்டைகளை உருக்குகிற நாள் செவ்வாய்க்கிழமை. வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று வேலைக்கு வந்துவிட்டாள். உறை அறைக்குள் போனால் போனின் பேட்டரி செத்துவிடும், அதனால் போனைச் சக்கரத்திடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பத்தரை மணிக்குச் சக்கரம் கதவைத் திறந்து, "அக்கா! லேப்லேர்ந்து!" என்று கத்தினார். அவள் ஓடி வந்ததை அன்றுதான் அங்கே எல்லோரும் முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

பேசி முடித்தவள் நேரே வரவுப் பலகைக்குப் போனாள். அன்றைக்கு வந்த சரக்கெல்லாம் சாக்பீஸால் எழுதியிருக்கும் கரும்பலகை. கடைசி வரிக்குக் கீழே '5' என்று மட்டும் எழுதினாள். சரக்கின் பெயர் இல்லை, கம்பெனியின் பெயரும் இல்லை.

புதன்கிழமை அதை அழித்து '4' என்று எழுதினாள்.

சக்கரம் வியாழன், வெள்ளி பொறுத்துப் பார்த்தார். சனிக்கிழமை முடியவில்லை. "அக்கா, அது என்ன சரக்கு? அஞ்சு நாலாச்சு. யாராவது எடுத்துட்டுப் போறானா? கேமராவைப் பாக்கலாமா?"

"யாரும் எடுக்கல. அது அப்படித்தான் குறையும்."

"பெரிய பெட்டியா?"

"கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத நாலு பெட்டியா?" சக்கரம் தலையைச் சொறிந்துகொண்டே போய், அன்றும் தூணை இடித்தார்.

ஞாயிறு காலையில் லேப்காரி கூப்பிட்டாள். நாலில் இரண்டு நன்றாக வளர்ந்திருந்தன. மதியம் ஒன்றை உள்ளே வைத்தார்கள். திரையில் ஓர் அரிசி அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. கணவர் அவள் கையைப் பிடித்தபடி, "பார்க்கிங் போட்ட மாதிரி எவ்வளவு நேரா வெச்சாங்க பாருங்க மேடம்," என்றார். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

கிளம்பும்போது லேப்காரி ஒரு படிவத்தை நீட்டினாள். இன்னொரு கருவை உறைய வைக்க ஒப்புதல். பனியக்கா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பதினெட்டு வருஷத்தில் உருகின ஒரு பொருளை உறைய வைக்க அவள் கையெழுத்துப் போட்டதே இல்லை.

"ரொட்டிதானே?" என்றாள்.

"ரொட்டிதான்க்கா."

போட்டாள்.

திங்கட்கிழமை பலகையில் '1' இருந்தது. பதினோரு நாள் அந்த ஒன்றை யாரும் அழிக்கவில்லை. பலகையைத் துடைக்கிறவர்கூட அதைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள் காலையில், கரு தங்கியதா என்று பார்க்க மருத்துவமனையில் ரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்தாள். பதினொரு மணிக்குப் போன் வந்தது. வாசலில் நின்றே கேட்டாள். இந்தத் தடவை சக்கரத்துக்கு அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் முதலில் கணவருக்குப் போன் செய்தாள். அம்மாவுக்குப் போட்டபோது, மறுமுனையில் அழுகை வந்தது.

"எதுக்கும்மா இப்ப அழற? நல்ல சேதிதானே?"

"பழக்கதோஷம்டி," என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஃப்ரிட்ஜ்லேர்ந்து வந்த பிள்ளை, ஸ்வெட்டர் பின்னட்டுமா?"

அதன்பிறகு பலகைக்குப் போய் '1' என்பதற்குப் பக்கத்தில் 'இருப்பில்' என்று எழுதினாள். அதற்குக் கீழே இன்னொரு '1' போட்டு, 'வழியில்' என்று எழுதினாள்.

"எப்ப வந்து சேரும்?" என்றார் சக்கரம்.

"எட்டு மாசம் ஆகும்."

"எட்டு மாசமா? அது எந்தக் கம்பெனி வண்டிக்கா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக யாரும் சொல்லாமலே ஃபோர்க்லிஃப்டை விட்டு இறங்கி நின்றார். உருக்கின முட்டைகளிலிருந்து வந்தது ஒன்று தன் வயிற்றில், இன்னொன்று மறுபடி உறைய வைத்து டேங்க்கில் என்று அவள் இரண்டே வரியில் சொன்னாள்.

"அக்கா! அப்ப இந்த ரெண்டும் ஒரே உருகின சரக்கா? நம்ம சிவப்பு போர்டை அழிச்சிரட்டுமா?"

"கையை வெச்சுப் பாருங்க. மீனுக்கு அது சரிதான்."

அரைமணி நேரத்தில் கணவரின் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே உள்ளே வந்தது. வழியில் ஒரு கடையில் பாதி லோடை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்குப் போன் போயிருந்தது. பின்கதவைத் திறந்துபோட்டுவிட்டு, கடைக்காரர், காவலாளி, பக்கத்து வண்டிக்காரர் என்று அகப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தார். குதித்து இறங்கினார், வாயெல்லாம் பல்.

"மேடம்!"

"இருங்க," என்றாள் அவள். தெர்மாமீட்டரை எடுத்துப் பின்னால் இருந்த பெட்டியில் குத்தினாள். எல்லோரும் கூடி நின்றார்கள். மைனஸ் பதினாறு காட்டியது.

"இன்னைக்குமா?" என்றார் அவர்.

"இன்னைக்கும்தான். வண்டியைத் திருப்புங்க," என்றாள் பனியக்கா. "சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்கு வந்துருங்க."